அப்டேட் வந்திருக்கிறது, காலையில் வேலை இருக்கிறது

ட்ரோன் வாங்கப்போகிறேன், எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் கேமராவைப் பற்றிக் கேட்கிறார்கள். எத்தனை நிமிடம் பறக்கும், என்ன விலை, உப்புக்காற்று தாங்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். அதன் சாஃப்ட்வேரை யார் எப்போது மாற்றுவார்கள், அது பறந்த கணக்கு யாரிடம் போய்ச் சேரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதையே பிழைப்பாக வைத்திருக்கும் எங்களுக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் அந்த இரண்டாலும்தான். கேமராவால் ஒருநாளும் கெட்டதில்லை.

எங்களுடையது சின்ன கம்பெனி. டோங்காட், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கத்துக் கரும்புத் தோட்டங்களை மேலிருந்து படமெடுத்து வரைபடமாக்கித் தருவோம். மழைக்காலத்துக்கு முன் கிடங்குகள், தொழிற்சாலைகளின் கூரையைப் பார்த்து எங்கே ஒழுகும் என்று சொல்வோம். முதலாளியை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை அவர். நான் திருநெல்வேலிக்காரன், பறக்க விடுவது நான். தென்னாப்பிரிக்காவில் ட்ரோனுக்கென்று தனி விதிகள் 2015 ஜூலை 1 முதல் இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு பறக்க வேண்டுமென்றால் பைலட் உரிமம், கம்பெனிக்கு இயக்கச் சான்றிதழ், விமானத்துக்கு ஒப்புதல் எல்லாம் தனித்தனியாக வேண்டும். பொழுதுபோக்குக்குப் பறப்பவருக்கு அவ்வளவு கிடையாது. ஆனால் எடை 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஆட்களிடமிருந்தும் அடுத்தவர் சொத்திலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது. இந்தப் பத்துக் கிலோமீட்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்டேட்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். இரவில் பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கச் செயலியைத் திறந்தால், மேலே ஒரு பட்டை: புதிய ஃபர்ம்வேர், அதாவது ட்ரோனுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் சாஃப்ட்வேர், வந்திருக்கிறது. அதை அழுத்தத் துடிக்கும் விரலைக் கட்டுப்படுத்துவதுதான் இந்தத் தொழிலில் முதல் பயிற்சி. எங்கள் ஆபீஸில் சட்டமே இதுதான்: வேலைக்கு முந்தைய நாள் அப்டேட் கிடையாது. வேலை இல்லாத வாரத்தில், பகலில், ஆபீஸில் போடுவோம். போட்டபின் திறந்த மைதானத்தில் ஒருமுறை பறக்கவிட்டுப் பார்க்காமல் அந்த ட்ரோன் எந்த வாடிக்கையாளரின் நிலத்துக்கும் போகாது.

இந்தச் சட்டம் வந்த கதை ஸ்டேங்கருக்கு உள்ளே ஒரு மலைச்சரிவுத் தோட்டத்தில் நடந்தது. அங்கே கரும்புக்குக் காற்றுத் தடுப்பாக ஓரமெல்லாம் யூகலிப்டஸ் மரங்கள், இங்கே கம் மரம் என்பார்கள். நாற்பது மீட்டர் உயரமாவது இருக்கும். சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை நாங்கள் எப்போதும் எண்பது மீட்டரில் வைத்திருப்போம். அன்று காலை அண்ணாவின் அக்கா மகன் செக்லிஸ்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவன், திரும்பும் உயரம் என்ற இடத்தில் நிறுத்தினான். முப்பது என்று காட்டியது. முந்தின நாள் போட்ட அப்டேட் அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவுக்கே திருப்பியிருந்தது. அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று மட்டும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போய் சிக்னல் அறுந்திருந்தால் நேரே மரத்துக்குள் வந்திருக்கும். தடையைக் கண்டு நிற்கும் சென்சார் இருக்கிறதே என்பீர்கள். மெல்லிய கிளைகளும் மின்கம்பியும் அந்தச் சென்சாருக்குச் சரியாகத் தெரிவதில்லை, சூரியனை நேரே பார்த்தால் அதுவும் தடுமாறும்.

நின்று பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். பேச்சு முழுக்க ஆங்கிலம், கூப்பிடுவது மட்டும் தமிழ். "என்ன தம்பி, மெஷின் படுத்துக்கொண்டதா?" என்றார். இல்லை தாத்தா, ராத்திரி யாரோ அதன் புத்தியை மாற்றிவிட்டார்கள் என்று அண்ணா சொன்னார். அவர் சிரித்தார். ஆனால் நடந்தது அதுதானே.

அப்போதிருந்து அப்டேட்டுக்கு முன் எல்லா செட்டிங் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறோம். முடிந்ததும் பக்கம் பக்கமாக ஒப்பிடுகிறோம். திரும்பும் உயரம், சிக்னல் போனால் என்ன செய்யும், அதிகபட்ச உயரம், தூரம், பேட்டரி எச்சரிக்கை எத்தனை சதவீதத்தில், ஸ்டிக் எந்தப் பக்கம் எதைச் செய்யும், இவைதான் முக்கியம். பத்து நிமிட வேலை.

இன்னொன்று: ட்ரோன் என்று நாம் சொல்வது ஒரே சாமான் இல்லை. விமானத்துக்கு ஒரு ஃபர்ம்வேர், கையில் பிடிக்கும் கண்ட்ரோலருக்கு ஒன்று, செயலிக்கு ஒரு பதிப்பு. பல மாடல்களில் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனியாக ஒன்று. விமானத்தில் மாட்டியிருந்த பேட்டரி மட்டும் அப்டேட் ஆகியிருக்கும், பையில் இருக்கும் மற்றவை பழையதாகவே கிடக்கும். தோட்டத்தின் நடுவில் இரண்டாவது பேட்டரியை மாட்டும்போதுதான் "பொருந்தவில்லை" என்று வரும். அங்கே நெட்வொர்க் இருக்காது. ஆகையால் எல்லா பேட்டரியையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி ஆபீஸிலேயே முடித்துவிட்டு, பெயிண்ட் மார்க்கரால் அதன் மேல் தேதி எழுதிவிடுங்கள். போனில் ஆண்ட்ராய்டு அப்டேட் வந்தாலும் செயலி முரண்டு பிடிக்கும். எங்களிடம் ட்ரோனுக்கென்றே ஒரு டேப்லெட் இருக்கிறது. அதில் சிம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, தானியங்கி அப்டேட்டும் இல்லை.

2023-ல் லோட் ஷெட்டிங் என்று இங்கே சொல்லும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இதில் கூடுதல் கூத்து. அப்டேட் பாதி டவுன்லோட் ஆகும்போது மின்சாரம் போகும், ரவுட்டர் அணையும், டேப்லெட் சத்தமில்லாமல் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பணத்தைத் தின்னும். இப்போது அந்த நிலைமை பெருமளவு மாறிவிட்டது. ஆனாலும் ரவுட்டருக்கு வாங்கின சின்ன யுபிஎஸ்ஸை நாங்கள் கழற்றவில்லை. டவுன்லோட் பாதியில் நின்றால் பரவாயில்லை, மறுபடி செய்யலாம். ட்ரோனுக்குள் எழுதும்போது நின்றால்தான் அது செங்கல் மாதிரி எதற்கும் உதவாமல் போய்விடும். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது தொடங்கவே தொடங்காதீர்கள்.

அப்படியானால் அப்டேட்டே போடாமல் இருந்துவிடலாமே என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எனக்கும் அந்தச் சபலம் உண்டு. ஆனால் நடந்தவற்றைப் பாருங்கள். 2017-ல் டிஜேஐ என்ற சீன ட்ரோன் கம்பெனியின் ஸ்பார்க் ட்ரோன்கள் பறந்துகொண்டிருக்கும்போதே அணைந்து விழுவதாகப் புகார்கள் வந்தன. கம்பெனி ஆகஸ்டில் ஓர் அப்டேட் விட்டது, செப்டம்பர் 1-க்குள் போடாத ஸ்பார்க் மேலே எழும்பாது என்றும் அறிவித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே கம்பெனியின் மேட்ரிஸ் 200 வகை ட்ரோன்கள் மின்சாரம் அறுந்து விழுகின்றன என்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்து அமைப்பு எச்சரித்தது. போலீஸ் வைத்திருந்த மாடல் அது. கோளாறு பேட்டரிப் பக்கம், மருந்து ஃபர்ம்வேரில் வந்தது. அப்டேட்டே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தவர் அந்த விழும் ட்ரோனையே வைத்திருந்திருப்பார்.

கோப்ரோ என்ற கேமரா கம்பெனி விற்ற கர்மா ட்ரோனின் கதை வேறு மாதிரி. அந்தக் கம்பெனி ட்ரோன் தொழிலை விட்டே 2018-ல் விலகிவிட்டது. 2020 புத்தாண்டு பிறந்ததும் உலகம் முழுக்க கர்மாக்கள் தரையில் உட்கார்ந்துவிட்டன. ஜிபிஎஸ் எடுக்கவில்லை, காம்பஸும் அளவுக்கு வரவில்லை. நேற்று வரை பறந்தது இன்று எழும்பவில்லை, யாரும் அதில் கை வைக்கவில்லை, தேதி மட்டும்தான் மாறியது. சில வாரங்களில் சரிசெய்யும் அப்டேட் வந்தது. கம்பெனி மூடிக் கிடந்திருந்தால் அதுவும் வந்திருக்காது. நாம் காசு கொடுத்து வாங்கியது பிளாஸ்டிக்கும் மோட்டாரும்தான். அதை ட்ரோனாக்கும் சாமானின் சாவி விற்றவரிடமே இருக்கிறது. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மாடல் வாங்குபவர்கள் கேமராவின் மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன்பு, கடைசி அப்டேட் எந்த ஆண்டு வந்தது என்று பாருங்கள்.

காம்பஸ் பற்றி இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருக்கும் இடம் அப்படி.

பூமியின் காந்த வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. சென்னையில் அந்த வித்தியாசம் மிகச் சொற்பம், கண்டுகொள்ளாமலே விடலாம். டர்பனில் 20 டிகிரிக்கு மேல் மேற்கே விலகி நிற்கிறது. ட்ரோனின் காம்பஸ் காட்டுவது காந்த வடக்கு, ஜிபிஎஸ் பேசுவது உண்மையான வடக்கு. இரண்டையும் இணைக்க ஃபர்ம்வேருக்குள் ஒரு உலக வரைபடம் இருக்கிறது, எந்த இடத்தில் எத்தனை டிகிரி கழிக்க வேண்டும் என்று. நோவா என்ற அமெரிக்கக் கடல், வளிமண்டல முகமையும் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் சேர்ந்து அந்த வரைபடத்துக்கு அடிப்படையான கணக்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கின்றன. கடைசியாக 2024 டிசம்பரில் வந்தது. புதுப்பிப்பதன் காரணம், பூமியின் காந்தப்புலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென் அட்லாண்டிக்கிலிருந்து நம் தென்னாப்பிரிக்கா வரை அது மற்ற இடங்களைவிட வலுவிழந்தும் இருக்கிறது. கேப் மாகாணத்து ஹெர்மானஸில் இதை அளப்பதற்கென்றே ஓர் ஆய்வகம் உண்டு, தேசிய விண்வெளி முகமை நடத்துகிறது. வெளியூர் யூடியூபர், "காம்பஸ் எல்லாம் ஒருமுறை அளவுதிருத்தினால் போதும் நண்பர்களே" என்று சொல்வதை டர்பனில் உட்கார்ந்து அப்படியே நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காம்பஸ் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? ட்ரோன் ஒரே இடத்தில் நிற்க முயலும். காற்று தள்ளும். வடக்கே ஒரு மீட்டர் போ என்று ஜிபிஎஸ் கணக்குச் சொல்லும், ட்ரோன் தான் வடக்கு என்று நினைக்கும் பக்கம் போகும், அது வடக்கு இல்லை. மறுபடி திருத்தும், மறுபடி கோணலாகப் போகும். பார்ப்பவர் கண்ணுக்கு அது நின்ற இடத்தில் வட்டமடிக்கும், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்குத் தெற்கே ஒரு கிடங்கின் கூரையைப் பார்க்கப் போனோம். காங்கிரீட் முற்றத்தில் வைத்ததும் செயலி "காம்பஸை அளவுதிருத்தவும்" என்று கேட்டது. உடனிருந்த பையன் அங்கேயே ட்ரோனைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தான். அண்ணா கையைப் பிடித்து நிறுத்தினார். முற்றத்தின் அடியில் இரும்புக்கம்பி வலை, பக்கத்தில் இரும்புக் கன்டெய்னர். அங்கே அளவுதிருத்தினால் இரும்பின் காந்தத்தைப் பூமியின் காந்தம் என்று ட்ரோன் மனப்பாடம் செய்துகொள்ளும். மேலே போனதும் இரும்பு இருக்காது, மனப்பாடம் இருக்கும். புல்தரைக்கு எடுத்துப்போய் வைத்தோம், எச்சரிக்கையே காணாமல் போனது. அளவுதிருத்தவே தேவைப்படவில்லை. செயலி காட்டும் பிழைகளில் பாதி சாஃப்ட்வேர் பிழை இல்லை, இடத்தின் பிழை. முதலில் பத்தடி நகர்த்திப் பாருங்கள், அப்புறம் அப்டேட்டைத் திட்டலாம். கையிலிருக்கும் கார் சாவி, காந்த மூடி போட்ட போன் உறை இவையும் அதே வேலையைச் செய்யும்.

பத்துக் கிலோமீட்டர் என்றேன் அல்லவா. லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் 2010-ல் திறந்தது. டோங்காட்டும் வெருலமும் அதன் பத்துக் கிலோமீட்டருக்குள் வருகின்றன. டர்பன் நார்த்தில் சின்ன வர்ஜீனியா விமான நிலையம் வேறு, அதனால் உம்ஷ்லாங்கா கடற்கரையும் சிக்கல். அங்கே பறக்க இரண்டு பூட்டுகள். ஒன்று சட்டத்தின் பூட்டு, அதற்கான அனுமதி விமானப் போக்குவரத்து ஆணையத்திடமும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடமும். இன்னொன்று ட்ரோன் செய்த கம்பெனி சாஃப்ட்வேரில் போட்ட பூட்டு. கையில் முறையான அனுமதிக் கடிதம் இருக்கும், ட்ரோன் எழும்பாது. நம் கணக்குக்கும் அந்த விமானத்தின் சீரியல் எண்ணுக்கும் சேர்த்து கம்பெனி ஒரு திறவுச் சான்று தரும், அதை விமானத்துக்குள் ஏற்ற வேண்டும். ஒரு முறை அப்டேட்டுக்குப் பிறகு அது உள்ளே இல்லை. மறுபடி ஏற்ற இணையம் வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தோட்டத்து டிராக்டரின் மேல் ஏறி நின்றான் பையன், வந்துவிட்டது. அதிலிருந்து கிளம்பும் முன்பே ஆபீஸ் வாசலில் வைத்துச் சான்று விமானத்தில் இருக்கிறதா என்று திறந்து பார்க்கிறோம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது, அதுதான் பெரியது. பூட்டு இல்லை என்றால் அனுமதி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் டிஜேஐ அந்தக் கட்டாயப் பூட்டுகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு எச்சரிக்கை மட்டும் காட்டத் தொடங்கியது. ஓர் அப்டேட்டில் வரைபடத்தின் நிறமே மாறிவிடலாம். செயலி பச்சை காட்டியது ஐயா என்று நீதிபதியிடம் சொன்னால் எடுபடாது.

இனி அந்தப் பறந்த கணக்கு.

ட்ரோன் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ஒரு பதிவு எழுதுகிறது. கிளம்பிய இடம், ஒவ்வொரு நொடியும் எங்கே எந்த உயரத்தில் இருந்தது, கேமரா எந்தக் கோணத்தில் பார்த்தது, நீங்கள் ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினீர்கள், பேட்டரியின் வோல்டேஜ், எல்லாம். டேப்லெட்டில் ஒரு பிரதி, விமானத்தின் உள்ளே இதைவிட விரிவான இன்னொன்று. நீங்கள் அனுப்பச் சம்மதித்தால் கம்பெனியின் சர்வரில் மூன்றாவது.

அந்த மூன்றாவதைப் பற்றித்தான் உலகம் முழுக்கச் சண்டை. 2017 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவம் டிஜேஐ ட்ரோன்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு கம்பெனி, செயலியின் இணையத் தொடர்பையே அறுக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. 2020 ஜூலையில் சினாக்டிவ், கிரிம் என்ற இரு பாதுகாப்பு நிறுவனங்கள் டிஜேஐயின் ஆண்ட்ராய்டு செயலியைப் பிரித்துப் பார்த்தன. கூகுள் கடையைத் தாண்டித் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழி அதில் இருக்கிறது, உள்ளே சேர்த்திருந்த வெளியார் மென்பொருள் போனின் அடையாள எண்களைத் திரட்டியது என்று அறிக்கை விட்டன. திருத்தப்பட்ட செயலியைக் கண்டுபிடித்துச் சரியானதைப் போடச் சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடுதான் அது என்றது கம்பெனி. 2024 ஜூனில் அமெரிக்கப் பயனர்கள் பறந்த பதிவை சர்வருக்கு அனுப்பும் வசதியையே எடுத்துவிட்டது. நம் கையில் இருக்கும் செயலியில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று நாமே தேடிப் பார்க்க வேண்டியதுதான். எங்களுடையதில் அணைத்து வைத்திருக்கிறோம். வாடிக்கையாளரின் நிலம் பற்றிய தகவலை அவரைக் கேட்காமல் எந்த நாட்டுக்கும் அனுப்ப எங்களுக்கு உரிமை இல்லை என்பதே காரணம், சீனாவா அமெரிக்காவா என்ற விவாதத்தில் எனக்கு ருசி இல்லை.

பறக்கும்போதே காற்றில் போவதும் உண்டு. 2023-ல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டிஜேஐ ட்ரோன்கள் தொடர்ந்து ஒலிபரப்பும் அடையாளச் சிக்னலைப் பிரித்துப் படித்துக் காட்டினார்கள். அது மறைகுறியாக்கப்படவில்லை. ட்ரோன் இருக்கும் இடம் மட்டுமல்ல, அதை இயக்குபவர் நிற்கும் இடமும் அதில் இருந்தது. விலை உயர்ந்த சாமானோடு ஆளில்லாத தோட்டத்து ஓரம் நிற்பவன் என்ற முறையில் இதைப் படித்ததும் முதுகு சில்லிட்டது. அதன்பின் தனியாகப் போவதில்லை, இருவராவது போகிறோம்.

ஆனால் என் அனுபவத்தில் பெரிய கசிவு சர்வரிலும் இல்லை, காற்றிலும் இல்லை. நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ட்ரோன் ஏன் கடலுக்குள் போய் விழுந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று தன் பறந்த பதிவு முழுவதையும் போட்டார். ஒரு பறத்தல் அல்ல, ஃபோல்டரே. வரைபடத்தில் திறந்தால் பெரும்பாலானவை கிளம்பிய புள்ளி ஒரே இடம்: சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் பின்முற்றம். எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டில் இல்லை, எத்தனை மணிக்குக் கடற்கரையில் இருந்தார் என்பதும் அதிலேயே இருந்தது. திருட்டுக்குப் பயந்து மதிலுக்கு மேல் மின்வேலி போடும் ஊர் இது. நான் தனியாக அவருக்கு எழுதினேன், உடனே எடுத்துவிட்டார். அதற்குள் யார் யார் இறக்கிக்கொண்டார்களோ. உதவி கேட்க வேண்டுமென்றால் விழுந்த அந்த ஒரு பறத்தலை மட்டும் கொடுங்கள். வீட்டு முற்றத்திலிருந்து சோதனைக்குப் பறக்கும் பழக்கத்தையும் விடுங்கள், தெருக்கோடி மைதானம் எதற்கு இருக்கிறது.

படத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு ஜேபெக் படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கேமராவின் கோணம் இருக்கிறது. வீடியோவில் சப்டைட்டில் என்ற பொத்தான் போட்டிருந்தால் கூடவே உருவாகும் எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பில் ஒவ்வொரு நொடிக்கும் இடம் எழுதப்படும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கும்போது இடக்குறிப்பு கழன்றுவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும். வாடிக்கையாளருக்கு அந்தக் குறிப்பு வேண்டும், வரைபடம் செய்ய அதுதான் மூலம். கம்பெனிப் பக்கத்தில் அழகுக்குப் போடும் படத்துக்கு வேண்டாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியில் ஒரு ஃபோல்டரையே ஒரே கட்டளையில் துடைத்துவிடலாம்.

இவ்வளவு சொன்னபின், பதிவையே அழித்துவிடுவது நல்லது என்று தோன்றும். அழிக்காதீர்கள். எங்கள் மானத்தைக் காப்பாற்றியது அந்தப் பதிவுதான்.

காவல் போட்ட ஒரு குடியிருப்பு வளாகத்தில் கூரை பார்க்கும் வேலை. நிர்வாகக் குழு முன்கூட்டியே எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்திருந்தது. வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து ஓர் அம்மா, உங்கள் ட்ரோன் என் குளியலறை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தது என்று புகார் கொடுத்தார். அந்தக் கோபம் நியாயமானது. தலைக்கு மேல் கண் வைத்த ஒரு பூச்சி நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அண்ணா வாதாடவில்லை. "அக்கா, நீங்களே உட்கார்ந்து பாருங்கள்" என்று லேப்டாப்பை அவர் முன்னால் திருப்பினார். அவர் சொன்ன நேரத்தில் ட்ரோன் எதிர்க்கட்டடத்தின் கூரைக்கு மேல். கேமரா நேர்க் கீழே தொண்ணூறு டிகிரி. அந்த நேரத்து வீடியோவையும் காட்டினோம். அவர் வீட்டு ஜன்னல் எங்கும் இல்லை, ஆனால் ஒரு மொட்டைமாடியில் அவருடைய துணி காய்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதை மங்கலாக்கச் சொன்னார், அங்கேயே மங்கலாக்கினோம். அவரிடம் காட்டியது அந்த ஒரு பறத்தலின் பதிவு மட்டும். முந்தின நாள் வேறொருவர் கிடங்கில் பறந்தது அதே ஃபோல்டரில்தான் இருந்தது. வாடிக்கையாளர் வாரியாகத் தனி ஃபோல்டர் போடும் வழக்கம் அன்று மாலையே வந்தது.

இங்கே போபியா என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் இயற்றப்பட்டது. 2020 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2021 ஜூலை 1 முதல் முழுதாகப் பிடிக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் எடுப்பது அதில் வராது. தொழிலுக்கு எடுக்கும் எங்களுக்கு வரும். அடையாளம் தெரியும்படி ஒருவர் படத்தில் இருந்தால், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. நாட்டுக்கு வெளியே அந்தத் தகவலை அனுப்பவும் நிபந்தனைகள் இருக்கின்றன. கோயில் கமிட்டிக்காரர்கள் தைப்பூசத்துக்குக் காவடிக் கூட்டத்தை மேலிருந்து எடுத்துத் தரக் கேட்பார்கள். நம் ஆட்கள், நம் கோயில், என்ன தம்பி இது என்பார்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் பறப்பது விதிப்படியும் ஆகாது, நூற்றுக்கணக்கான முகங்களுக்கு நான் பதில் சொல்லவும் முடியாது. தேரடியிலிருந்து நல்ல லென்ஸ் போட்டு எடுத்துத் தருகிறோம் என்று சொல்வோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போயிருக்கிறார்கள்.

ரிப்பேருக்கு அனுப்பும்போது மெமரி கார்டை எடுத்துவிட்டு, உள் சேமிப்பையும் காலி செய்துவிட்டு அனுப்புங்கள். பதிவு கேட்டால் கோளாறு நடந்த பறத்தலை மட்டும் கொடுங்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் கணக்கின் பாஸ்வேர்டையே எழுதிக் கொடுங்கள் என்றார்கள், மறுத்தோம், அது இல்லாமலும் வேலை நடந்தது. விற்கும்போது செயலியில் உங்கள் கணக்கிலிருந்து அந்த விமானத்தை விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் அதை இணைக்க முடியாமல் உங்களுக்கு போன் மேல் போன் போடுவார். விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் விரிவான பதிவு செயலியில் அழித்தாலும் போகாது. கம்ப்யூட்டரில் இணைத்து, கம்பெனியின் டெஸ்க்டாப் மென்பொருள் வழியாகப் போய்த்தான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வழி உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்பதை விற்கும் நாளில் தேடாமல், வாங்கும் நாளிலேயே கடைக்காரரிடம் கேளுங்கள்.